தானியங்கிகளும் தருக்கமும், காலியான ஒரு நாற்காலியும்

அன்று மேடையில் நான் சொல்லாதது ஒரு பெயர்.

கையில் இருந்த தாளில் அந்தப் பெயர் மூன்று இடங்களில் இருந்தது. மூன்று இடங்களிலும் "ஒரு தோழி" என்றும் "அவள்" என்றும் மாற்றிப் படித்தேன். மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். யாருக்கென்று சொல்லவில்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அப்துல் ஹமீது அவளுடைய அப்பா. தம் மகளும் நானும் ஒன்றரை ஆண்டாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியாது. பெயரைச் சொன்னால் அவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பயந்தேன்.

அவள் ஹஸீனா. பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் ஒரே துறையில் ஆய்வு செய்தவர்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நாள், நேரம், இடம். கீழே "வருவாயா?" பதில் வரவில்லை. இருந்தாலும் பொட்டலத்தை வைத்தேன்.

இனி வருவது, தேக்காவில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ரக்ஷனாவாகிய நான் பேசியது. செயலாளர் ஆதவன் எடுத்த ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். சபையிலிருந்து வந்த குரல்களையும் விட்டுவிடவில்லை.

*

முப்பது ஆண்டுகளாக இந்தத் தேக்காவில் பயணப்பெட்டி விற்று, ஊரையெல்லாம் வழியனுப்பி வைத்து, தாம் மட்டும் கடையை விட்டு நகராத தலைவர் அப்துல் ஹமீது அவர்களே. எழுத்தெண்ணிப் படிக்கும் நம் வட்டத்தின் செயலாளராக இருந்தும், இந்த முறை ஓர் எழுத்தை எண்ணாமல் விட்டுவிட்ட அருமை நண்பர் ஆதவன் அவர்களே. முழங்கால் வலியை மாடிப்படியிடம் முறையிட்டபடி முதல் ஆளாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. வீட்டு வேலையை ஒரு மாலைக்கு ஒத்தி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. உட்லண்ட்ஸிலிருந்து ரயில் மாறி வந்தவர்களே, பூன் லேயிலிருந்து தூங்கி வந்தவர்களே. உட்கார இடமின்றிக் கதவோரம் நிற்கும் உறவுகளே, விளக்கு என் கண்ணில் அடிக்கிறது, உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, நிழல்தான் தெரிகிறது, அந்த நிழல் ஒவ்வொன்றுக்கும் என் வணக்கம்.

அறுபது நாற்காலி போட்ட அறையில் எண்பது பேர். கணக்கைப் பற்றிப் பேச வந்த ஒருத்திக்கு இப்படியொரு கூட்டம் கூடியதாக எங்கும் வரலாறு இல்லை. கூடியதற்குக் காரணம் நானா? கணக்கா? தமிழா? இல்லை. காரணம் ஓர் எழுத்து.

நான் கொடுத்த தலைப்பு, "தானியங்கிகளும் தருக்கமும்". சுவரொட்டியில் வந்த தலைப்பு, "தானியங்களும் தருக்கமும்". ஒரு "கி" விழுந்தது. இயந்திரம் போய்க் கேழ்வரகு வந்தது.

"ஏம்மா, அப்ப சிறுதானியத்தப் பத்திப் பேச மாட்டீங்களா?"

முதல் வரிசையில் பாக்கியலட்சுமி அம்மா கேட்கிறார்கள். அம்மா, எதை எதிர்பார்த்து வந்தீர்கள்?

"தர்க்கம்னு போட்டிருந்துச்சு. அரிசி நல்லதா கேப்பை நல்லதான்னு ரெண்டு அணியாப் பிரிஞ்சு சண்ட போடுவீங்கன்னு வந்தேன். எனக்கு சுகர்மா."

உண்மையைச் சொல்லுங்கள், தானியத்துக்காக வந்தவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள். போதும், போதும், எண்ண முடியவில்லை. தானியங்கிக்காக வந்தவர்கள்? ஒரே ஒரு கை. அது ஆதவன் கை. அதையும் குற்ற உணர்ச்சி உயர்த்தியிருக்கிறது.

யாரும் எழுந்து போகாதீர்கள். இந்தப் பிழையைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது. அந்தச் சுவரொட்டியை எழுத்தெழுத்தாக, இடமிருந்து வலமாக, என்னோடு படியுங்கள். தா. என்ன வரப்போகிறது? தெரியாது. தானி. தெரியாது. தானிய. கேழ்வரகு வாசனை வருகிறது அல்லவா, அம்மா? தானியங். இன்னும் தெரியாது. இந்த இடத்தில் நில்லுங்கள். இந்த இடத்தில் தானியமும் தானியங்கியும் ஒன்று. வயலும் ஆலையும் ஒன்று. அடுத்த எழுத்து "க" என்றால் தானியங்கள். அடுத்த எழுத்து "கி" என்றால் தானியங்கி. இரண்டையும் பிரிப்பது இதுவரை வந்தது அல்ல, இனி வரப்போவது.

தானியங்கி என்பது இவ்வளவுதான். தானே இயங்குவது. ஓர் எழுத்தைப் படிக்கும். தான் நிற்கும் நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும். படித்த எழுத்தை மறந்துவிடும். அதற்கு நாட்குறிப்பு கிடையாது, புகைப்படம் கிடையாது, பழைய கடிதக்கட்டு கிடையாது. நிற்கும் நிலை ஒன்றே அதன் நினைவு. வெவ்வேறு வழியாக வந்து ஒரே நிலையில் நிற்கும் இரண்டு பேரை, இனி எது வந்தாலும், அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு கடந்த காலங்கள். பிரித்துக் காட்டும் எதிர்காலம் ஒன்றுகூட இல்லையென்றால் அவை இரண்டல்ல, ஒன்று. இந்தத் துறையின் அடித்தளமே இந்த ஒரு வாக்கியம்தான்.

"அங்க உக்காராதம்மா, ஆள் இருக்கு. சோப் பண்ணியிருக்கு பாரு."

கேட்டீர்களா? பாக்கியலட்சுமி அம்மா கதவுப் பக்கம் திரும்பி யாரிடமோ சொல்கிறார்கள், ஒலிவாங்கி வரை கேட்கிறது. எங்கே? மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியிலா? அம்மா, நீங்கள் காவலுக்கு இருக்கும்போது எனக்கென்ன கவலை.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் சோப் என்றால் குளிக்கிற சோப் அல்ல, இடம் பிடிப்பது. உணவங்காடியில் சோறு வாங்கப் போவதற்கு முன் நாற்காலி மேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டால், மலையளவு பசியோடு வருபவரும் அதைத் தொட மாட்டார். சட்டம் எழுதாத காவல், சத்தம் போடாத வேலி. சபையோரே, அந்த நாற்காலிதான் இன்றைய முதல் தானியங்கி. அதற்கு இரண்டே நிலை: காலி, ஆள் உண்டு. இரண்டே எழுத்து: "வை", "எடு". முன்பு எப்படி இருந்தாலும், "வை" என்றால் ஆள் உண்டு. முன்பு எப்படி இருந்தாலும், "எடு" என்றால் காலி. இதற்கு முன் நூறு பேர் அதில் உட்கார்ந்திருக்கலாம். நாற்காலிக்கு அது தெரியாது. வைத்தது யார்? தெரியாது. யாருக்காக? அதுவும் தெரியாது.

"யாரும்மா வச்சது? நீங்களா?"

நான்தான் அம்மா.

"யாருக்கு, மாப்பிள்ளைக்கா?"

சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். இல்லை அம்மா. ஒரு தோழி வருவாள். அவளுக்கு.

இப்போது சுவரைப் பாருங்கள். விளக்கு விசை. இதுவும் தானியங்கி. இதற்கும் இரண்டு நிலை: எரிகிறது, அணைந்திருக்கிறது. ஆனால் எழுத்து ஒன்றே ஒன்று: "அழுத்து". எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். நாற்காலிக்கும் விசைக்கும் என்ன வேறுபாடு? ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு. நாற்காலி மறக்கும். "வை" என்ற பிறகு, அதற்கு முன் என்ன இருந்தது என்பதை யாராலும் மீட்க முடியாது. விசை மறக்காது. ஒரு முறை அழுத்தியதை இன்னொரு முறை அழுத்தி மீட்கலாம். ஒன்று, மறக்கும் இயந்திரம். மற்றது, மீளும் இயந்திரம்.

"நம்ம வீட்டு லிஃப்ட் எதுல சேர்த்தி?"

பின்னாலிருந்து ஐயா கேட்கிறார். நல்ல கேள்வி. லிஃப்ட் இரண்டும் கலந்தது. லிஃப்ட் மட்டுமா? ரயில் நிலையக் கதவு, துவைக்கும் இயந்திரம், போக்குவரத்து விளக்கு, எதை எடுத்து எவ்வளவு பிரித்தாலும், அடியில் கிடைப்பவை இந்த இரண்டு வகைத் துண்டுகள்தான். மறப்பவை, மீள்பவை. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் உலகின் எந்தத் தானியங்கியையும் கட்டிவிடலாம். மூன்றாம் வகை இல்லை. இதை நிரூபித்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. முதன்முதலில் படித்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு காயத்துக்கும் இந்த இரண்டு வழிதானே உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு தோன்றியது.

அடுத்து இயற்கணிதம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பாக்கியலட்சுமி அம்மா, கேழ்வரகைக் கழுவிப் பிறகு வறுப்பதும், வறுத்துப் பிறகு கழுவுவதும் ஒன்றா?

"எப்படிம்மா ஒண்ணாகும்? ரெண்டாவது கஞ்சியாயிடும்."

அதுதான் இயற்கணிதம். செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, வரிசை மாறினால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. "எடு, வை" என்றால் ஆள் உண்டு. "வை, எடு" என்றால் காலி. ஒரு செயலும் இன்னொரு செயலும் சேர்ந்தால் அதுவும் ஒரு செயல். ஆயிரம் செயல் சேர்ந்தாலும் அதுவும் ஒரு செயல். இரண்டே நிலை கொண்ட இயந்திரத்துக்கு மொத்தமே நான்கு மாற்றங்கள்தான் இருக்க முடியும்: அப்படியே விடுவது, இடம் மாற்றிப் போடுவது, எல்லாவற்றையும் இந்தப் பக்கம் சேர்ப்பது, எல்லாவற்றையும் அந்தப் பக்கம் சேர்ப்பது. நூறாண்டு ஓயாமல் வேலை செய்தாலும், அந்த நூறாண்டின் கதை முழுவதும் இந்த நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நீண்ட வாழ்க்கை, சிறிய விடை. சில நாட்களில் இது ஆறுதலாக இருக்கிறது. சில நாட்களில் இல்லை.

இனி, தருக்கம். அம்மா எதிர்பார்த்த சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் இயந்திரத்தை இயக்காமல், அது என்ன செய்யும் என்று வாக்கியத்தால் மட்டுமே சொல்ல முடியுமா? முயன்று பார்ப்போம். நமக்குச் சில சொற்களை மட்டும் அனுமதிப்போம்: "எல்லாரும்", "யாரோ ஒருவர்", "இவருக்கு முன்", "இவருக்குப் பின்", "இல்லை". ஒவ்வொருவராகச் சுட்டலாம், ஒவ்வொருவரைப் பற்றித்தான் பேசலாம். இதைத் தனியாள் தருக்கம் என்று நான் அழைக்கிறேன். நாற்காலியில் ஆள் உண்டு என்பதை இந்தத் தருக்கம் சொல்லுமா? சொல்லும். "ஒரு 'வை' இருக்கிறது, அதற்குப் பின் 'எடு' எதுவும் இல்லை." எவ்வளவு அழகான வாக்கியம்.

விசை? விளக்கு எரிகிறது என்பதைச் சொல்லுமா? விளக்கு முதலில் அணைந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், அதைச் சொல்ல, விசை ஒற்றைப்படை முறை அழுத்தப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஒருமுறையா, மூன்று முறையா, முந்நூற்று ஒரு முறையா, எதுவானாலும் பொருந்தும்படி சொல்ல வேண்டும். சபையோரே, தனியாள் தருக்கத்தால் அதைச் சொல்லவே முடியாது. எவ்வளவு நீளமாக எழுதினாலும் முடியாது. எவ்வளவு கெட்டிக்காரர் எழுதினாலும் முடியாது. மூன்று வயதுக் குழந்தை அழுத்தி விளையாடும் விசையைச் சொல்ல, முதுபெரும் அறிவாளி கட்டிய வாக்கியத்தால் முடியாது. இது என் அபிப்பிராயம் அல்ல, நிரூபணம்.

என்ன செய்யலாம்? ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகக் கேட்போம். "கூட்டம்" என்ற சொல். தனித்தனி ஆளைச் சுட்டியவர்கள், இனி ஒரு கூட்டத்தையே சுட்டலாம். இப்போது பாருங்கள். "ஒரு கூட்டம் இருக்கிறது, முதல் அழுத்தல் அதில் உண்டு, இரண்டாவது இல்லை, மூன்றாவது உண்டு, இப்படி ஒன்றுவிட்டு ஒன்று, கடைசி அழுத்தலும் அதில் உண்டு." முடிந்தது. விளக்கு எரிகிறது.

அதோடு நிற்கவில்லை. கூட்டத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த தருக்கம், தானியங்கி அறிவதையெல்லாம் சொல்லிவிடும். அது சொல்வதையெல்லாம் தானியங்கி அறிந்துவிடும். ஒன்று கூடுவதும் இல்லை, ஒன்று குறைவதும் இல்லை. இயந்திரம் செய்பவர் ஒரு பக்கம், வாக்கியம் எழுதுபவர் ஒரு பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்காமல் மலையின் இரு புறமும் தோண்டிக்கொண்டு வந்து, நடுவில் கைகுலுக்கிக்கொண்டார்கள். தனியாள் தருக்கத்துக்கு எட்டியவை எவை? மறக்கும் துண்டுகளால் மட்டுமே கட்டப்பட்டவை. தனியாக நின்று பேசுபவருக்கு மறக்கும் இயந்திரங்கள் மட்டுமே வசப்படும். மீண்டு வருவதைச் சொல்வதற்கு ஒரு கூட்டம் வேண்டும். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.

இரண்டு பேர் கதை ஒன்று சொல்கிறேன்.

எனக்கு ஒரு தோழி. நானும் அவளும் பூன் லே உணவங்காடியின் மூலை மேசையில், சனிக்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்குச் சந்திப்போம். முதலில் வருபவர் டிஷ்யூ வைப்பார். பெரும்பாலும் அவள்தான். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு "சேர்க்கும் சொல்". அது என்ன? ஓர் இயந்திரம் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாது. தெரியாமலே நாம் சில எழுத்துகளைக் கொடுக்கிறோம். முடிவில் எங்கே தொடங்கியிருந்தாலும் ஒரே நிலையில் வந்து நிற்க வேண்டும். நாற்காலிக்கு "வை" என்ற ஒன்றே போதும். பெரிய இயந்திரங்களுக்கு நீளமான சொல் வேண்டும். எவ்வளவு நீளம் போதும் என்பது உலகத்தில் இன்னும் யாருக்கும் முழுமையாகத் தெரியாத கேள்வி. நாங்கள் அதில் ஒரு சிறு மூலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் மோதினோம். மோதியது நான். ஒரு சனிக்கிழமை, மழை. அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே, இந்த ஊர் வழக்கப்படி வாக்கியத்தின் கடைசியில் ஒரு "லா" சேர்த்துச் சொன்னாள்:

"நீ தள்ளிக்கிட்டே இருக்க. அது இழுக்குற கதவுலா."

"புரியுற மாதிரி சொல்லு."

"முன்னாலேருந்து பின்னால படிக்கிற. பின்னாலேருந்து படி. கடைசியில எல்லாரும் எங்க வந்து நிக்கணும்னு தெரியும்ல? அங்க போய் நில்லு. அங்கேருந்து திரும்பிப் பாரு. இந்த எழுத்துக்கு எத்தன பேரு இங்க வந்து சேருறாங்க? அடுத்த எழுத்துக்கு எத்தன பேரு? கூட்டம் பெருசாகிக்கிட்டே வரணும். அவ்வளவுதான்லா."

டிஷ்யூவை விரித்து அதில் வரைந்தாள். ஈரத்தில் மை பரவியது. அந்தப் பரவிய மைதான் எங்கள் நிரூபணம். அதன் பிறகு நான் செய்தது, அவள் சொன்னதைச் சுத்தமாக எழுதியது. கட்டுரையில் இரண்டு பெயரும் வந்தன.

கட்டுரை வந்த பிறகு ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தமிழில் பேச வேண்டும். அவளுக்கு ஒலிவாங்கி என்றால் ஆகாது, "நீயே போலா" என்றாள். கணக்குக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது தனி ஒருவராக இருந்தாலும் "வீ" என்றுதான் எழுதுவார்கள். வீ நிறுவுகிறோம், வீ காண்கிறோம். அதைத் தமிழில் "நாம்", "நாங்கள்" என்று வைத்துப் பார்த்தேன். தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டு "நாங்கள்" என்றால், அரசாணை படிப்பதுபோல் இருக்கிறதே என்று கூச்சமாக இருந்தது. அடக்கமாகப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில், சபையோரே, அடக்கமாகப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில், தாளில் இருந்த எல்லாவற்றையும் "நான்" என்று திருத்தினேன். எது வெறும் பழக்கத்தின் "வீ", எது உண்மையிலேயே இரண்டு பேர் என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். நான் பார்த்தேன். நான் திரும்பினேன். நான் நிறுவினேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடிவதற்குள் அவளிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு வரி வந்தது: "கேட்டேன். அந்த 'நான்' நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை போனேன். மேசையில் டிஷ்யூ இல்லை. நான் வைத்தேன். ஒரு மணி வரை அந்த நாற்காலியை யாரும் தொடவில்லை.

"மன்னிப்புக் கேக்கலியா நீங்க?"

பாக்கியலட்சுமி அம்மா கேட்கிறார்கள், நேராகக் கேட்கிறார்கள். எழுதினேன் அம்மா. எழுதி எழுதி அழித்தேன். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரியாமல், எங்கிருந்தாலும் அவளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு சொல்லைத் தேடினேன். அதுதானே என் தொழில். ஆனால் என் தொழிலே எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மறக்கும் இயந்திரத்துக்குத்தான் சேர்க்கும் சொல் உண்டு. மறக்கவே மறக்காத, முழுக்க முழுக்க மீளும் வகை இயந்திரத்துக்கு அப்படியொரு சொல் கிடையாது. தேடிப் பயனில்லை. அதற்கு இருப்பது வேறு வழி. எது செய்யப்பட்டதோ அதற்கு மாற்று ஒன்று உண்டு; அதைச் செய்தால்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அவளை மறக்க வைக்கும் சொல்லை ஒன்றரை ஆண்டு தேடினேன். தேடியிருக்க வேண்டியது மாற்று.

மாற்று என்ன? ஒலிவாங்கியில் சொன்னதற்கு மாற்றை ஒலிவாங்கியில்தான் சொல்ல வேண்டும். பலர் கேட்கச் சொன்னதற்கு மாற்றைப் பலர் கேட்கத்தான் சொல்ல வேண்டும்.

"நா" என்று தொடங்குகிறேன். இந்த இடத்தில் நில்லுங்கள். "தானியங்" என்ற இடத்தில் நின்றோமே, அதுபோல. இந்த இடத்தில் எல்லாம் ஒன்று. எதுவும் இன்னும் கெட்டுப்போகவில்லை. அடுத்து "ன்" வந்தால் ஒருத்தி. அடுத்து "ம்" வந்தால் இரண்டு பேர். உதடு பிரிந்திருந்தால் நான். உதடு சேர்ந்தால் நாம். ஓர் எழுத்து விழுந்ததால் எண்பது பேர் கூடினீர்கள். ஓர் எழுத்து மாறியதால் ஒருத்தி போனாள்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது "நாங்கள்". அவள் இல்லாத இடத்தில் அவளையும் சேர்த்துச் சொல்ல அந்தச் சொல் போதும். ஆனால் "நாம்"? நம் மொழியில் "நாம்" என்பது தனியாகச் சொல்லக்கூடிய சொல் அல்ல. கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல் அது. எதிரில் ஆள் வேண்டும். எதிரில் ஆள் இல்லாமல் "நாம்" என்று சொன்னால் அந்தச் சொல் பாதியில் நிற்கும், வைத்த டிஷ்யூவைப்போல.

அதனால்தான் அந்த நாற்காலி. அதனால்தான் ஆளில்லாத அதைப் பார்த்துச் சொல்கிறேன். பின்னாலிருந்து படிக்கச் சொன்னது அவள். கூட்டம் பெருகுவதைப் பார்க்கச் சொன்னது அவள். திரும்பிப் பார்த்தது அவள். எழுதியது நான். நிறுவியது, நாம். நான் அல்ல. நாம்.

கை தட்டுகிறீர்கள். நன்றி. இதில் எனக்கு வர வேண்டியது பாதிதான், மீதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தானியத்துக்காக வந்து தானியங்கியைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே, கேழ்வரகைக் கழுவிய பிறகு வறுங்கள், என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த சமையல் குறிப்பு அது ஒன்றுதான். ஓர் எழுத்தை விட்டு எனக்கு ஒரு சபையைக் கொடுத்த ஆதவனுக்கும், ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காத தலைவருக்கும், காலி நாற்காலிக்குக் காவல் இருந்த பாக்கியலட்சுமி அம்மாவுக்கும், கால் வலிக்க நின்று கேட்டவர்களுக்கும், நின்று பார்த்துவிட்டுப் போனவர்களுக்கும் என் நன்றி. எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

*

கூட்டம் கலைந்த பிறகு பாக்கியலட்சுமி அம்மா டிஷ்யூ பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "உங்க ஆளு வரவே இல்லியேம்மா. நான் ஒருத்தரையும் உக்கார விடல."

ஹமீது அங்கிள் மேடைக்குக் கீழே நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும்வரை அதை அணைத்து வைத்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்தார்.

"மேடையில சொன்னது நம்ம புள்ளயத்தானேம்மா?"

"ஆமா அங்கிள்."

"கடையில அன்னிக்கு ரேடியோவ நான்தான் சத்தமா வச்சேன். எல்லாரும் நம்ம புள்ள பேரக் கேக்கட்டும்னு." பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். ஹஸீனா அவருக்கு அனுப்பியிருந்தாள். நேரம் நான்கு இருபது. "வாப்பா, வந்தேன். உக்கார இடமில்ல. ஒரு சீட்டு இருந்துச்சு, போனா அந்த அம்மா ஆள் இருக்குன்னாங்க. ரக்ஷனாவோட தோழி யாரோ வராங்களாம், அவங்களுக்காம். நான் கிளம்புறேன்."

வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்டேன். "அங்க உக்காராதம்மா, ஆள் இருக்கு" என்பது பதினெட்டாம் நிமிடத்தில் வருகிறது. "ஒரு தோழி வருவாள்" என்று நான் சொல்வது இருபதாம் நிமிடத்தில். "நாம்" ஐம்பத்து மூன்றாம் நிமிடத்தில். கூட்டமும் ஒலிப்பதிவும் தொடங்கியது நான்கு மணிக்கு.

அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன். "அந்த இடம் உனக்கு வைத்தது, ஹஸீனா." ஏழு பத்துக்கு இரண்டு குறிகளும் நீலமாயின. பதில் வரவில்லை.